ஆண்டுக் கட்டணம்

பிப்ரவரி 5, திங்கள்

வங்கியிலிருந்து கடிதம். கிரெடிட் கார்டுக்கு இதுவரை வருஷம் ஐந்நூறு ரூபாய். அதுவும் ஐம்பதாயிரத்துக்கு மேல் செலவழித்தால் தள்ளுபடி. அடுத்த மாதத்திலிருந்து கட்டணம் இரண்டாயிரத்து ஐந்நூறாம். ஜி.எஸ்.டி. சேர்த்தால் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. தள்ளுபடி வேண்டுமென்றால் வருஷத்துக்கு மூன்று லட்சம் செலவழிக்க வேண்டும். பென்ஷன்காரன் மூன்று லட்சத்துக்கு எங்கே போவான்? மாத்திரை வாங்கித்தான் செலவழிக்க வேண்டும்.

காலையில் சர்க்கரை 168. கோமதி அவியலில் தேங்காயைக் குறைத்திருக்கிறாள். குறைக்கச் சொன்னது நான்தான், ஆனாலும் கோபம் வந்தது.

பிப்ரவரி 6, செவ்வாய்

கணக்குப் போட்டேன். மின்வாரிய அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவனுக்கு இது பெரிய காரியமில்லை. நூற்றைம்பது ரூபாய் செலவுக்கு நான்கு பாயிண்ட். ஒரு பாயிண்டுக்கு இருபத்தைந்து பைசா. வருஷம் முழுக்க மளிகை, மருந்து, பெட்ரோல், கரண்டு பில் எல்லாவற்றையும் இதிலேயே தேய்த்தாலும் எண்ணூறு ரூபாய்க்கு மேல் திரும்பி வராது. விமான நிலையத்தில் சும்மா உட்கார்ந்து சாப்பிடலாமாம். பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் எங்கே பறக்கப் போகிறோம்? ஒரு சினிமா டிக்கெட் வாங்கினால் இன்னொன்று இலவசமாம். நானும் கோமதியும் தியேட்டருக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

ஆக, கட்டணம் தண்டம். மூட வேண்டியதுதான்.

கோமதியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. “மூணாயிரம் ரூவாதானே, இருந்துட்டுப் போகட்டும்” என்றாள். அரைக்கிலோ கத்தரிக்காய்க்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் நிற்கிறவள் இவள்.

பிப்ரவரி 10, சனி

சாயங்காலம் மெசேஜ் வந்தது. அவள் கார்டிலிருந்து. பெங்களூர், ஏதோ மெடிக்கல்ஸ், 212 ரூபாய்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் எழுதி வைக்கிறேன். அவள் என்றால் மகள். பெயரை எழுதுவதில்லை என்று இரண்டு வருஷமாக ஒரு தீர்மானம். வேலைக்கென்று பெங்களூர் போனபோது, அவசரத்துக்கு இருக்கட்டுமென்று என் கார்டோடு சேர்த்து அவள் பெயரில் ஒரு கூடுதல் கார்டு வாங்கிக் கொடுத்தேன். அதன்பிறகு அவள் தானாக ஒருவனைத் தேடிக்கொண்டாள். நம்ம ஆட்கள் இல்லை. இனி இந்த வீட்டு வாசல்படி மிதிக்கக் கூடாது என்றேன். அவளும் மிதிக்கவில்லை. அவள் நம்பரை என் போனிலிருந்தும் கோமதி போனிலிருந்தும் நானே அழித்தேன். அவளும் பிறகு நம்பரை மாற்றிவிட்டாள்.

கார்டை மட்டும் நிறுத்தவில்லை. அவள் செலவும் சேர்ந்தால்தான் ஐம்பதாயிரம் தாண்டும், கட்டணம் தள்ளுபடியாகும். அந்தக் காரணத்துக்காகத்தான்.

அவளும் பெரிதாக ஒன்றும் வாங்குவதில்லை. நூறு, இருநூறு. மாதம் பிறந்து மூன்றாம் தேதி, அவள் எடுத்த தொகை பைசா சுத்தமாகக் கார்டுக்கு வந்து சேர்ந்துவிடும். கை நிறையச் சம்பளம் வாங்குகிறவளுக்கு என் கார்டு எதற்கு என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை.

விளக்கேற்றிவிட்டுக் கோமதி வந்து உட்கார்ந்தாள். மெசேஜை வாசித்தேன். ஊதாரி என்று திட்டிவிட்டுத்தான் வாசிப்பேன், அது வழக்கம். கோமதிக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் தமிழில் சொல்ல வேண்டும்.

“இருநூத்திப் பன்னெண்டா? சளி மருந்தாத்தான் இருக்கும். பிள்ளைக்கா அவளுக்கான்னு தெரியலையே” என்றாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

பிள்ளை என்று நேற்று எழுதிவிட்டேன். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கோமதியாகச் சொல்வதுதான். போன வருஷம் மார்ச்சில் ஒரு நாள், “சனிக்கிழமை தவறாம காப்பிக்கடை வருமே, மூணு வாரமாக் காணோம். வாடை பிடிக்கலையோ என்னவோ” என்றாள். காப்பிக்கடை வராததற்கு இப்படி ஒரு அர்த்தம் உண்டென்று எனக்கு எப்படித் தெரியும்? அப்புறம் மெடிக்கல்ஸ் மாதம் தவறாமல் வந்தது. ஜூனில் ஒரு ஸ்கேன் சென்டர். பழக்கடை. நவம்பரில் குழந்தைகள் சாமான் விற்கிற கடை, 349 ரூபாய்.

அந்த மெசேஜை வாசித்த அன்றைக்குக் கோமதி நேராக அடுக்களைக்குள் போனாள். மறுநாள் பிரசவ லேகியம் கிண்டினாள். சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி, நல்லெண்ணெய், எல்லாம் முறைப்படி. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பத்து நாள் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என் முன்னால் வைத்தாள். சர்க்கரைக்காரன் கருப்பட்டி தின்னக் கூடாது. தின்றேன். நல்ல காரம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிப்ரவரி 18, ஞாயிறு

கார்டை மூடுவதற்கு முன் சேர்ந்த பாயிண்ட்டை எல்லாம் எதற்காவது மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வீண். மொத்தம் 11,640 இருக்கிறது. ரூபாயில் 2,910. கட்டணத்துக்கு நாற்பது ரூபாய் துண்டு விழுகிறது. அப்படியே இருந்தாலும் பாயிண்ட்டைக் கட்டணத்துக்குக் கழிக்க மாட்டார்களாம். கெட்டிக்காரர்கள்.

என்னென்ன பொருள் தருகிறார்கள் என்று போனில் கோமதிக்குக் காட்டினேன். மிக்ஸி, குக்கர், சூட்கேஸ் என்று வந்துகொண்டே இருந்தது. ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள். கொசுவலை வைத்த குழந்தை மெத்தை, 4,800 பாயிண்ட். அவர்களே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள் என்று போட்டிருந்தது.

“இதை அனுப்பிச்சிருவோமா? நாம அனுப்புனோம்னு தெரிய வேண்டாம்” என்றாள்.

அழுத்தினேன். முகவரி கேட்டது. கட்டம் காலியாக நின்றது. எந்தத் தெரு, எந்த நம்பர், எதுவும் எங்களிடம் இல்லை. மெடிக்கல்ஸ் பெயர் தெரியும், காய்கறிக் கடை பெயர் தெரியும், அவள் வீடு தெரியாது.

பாயிண்ட் போதாது என்று சொல்லிவிட்டேன். போதும்.

பிப்ரவரி 23, வெள்ளி

பெங்களூர், காப்பிக்கடை, 160 ரூபாய்.

கோமதி கேட்டதும் சிரித்தாள். “காப்பி குடிக்கிற அளவுக்குத் தேறிட்டா” என்றாள். இரண்டு தோசை கூடுதலாகச் சுட்டுப் போட்டாள்.

பிப்ரவரி 29, வியாழன்

நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற தேதி. எழுத ஒன்றுமில்லை. மார்ச் 6-க்குள் மூடாவிட்டால் கட்டணம் விழுந்துவிடும்.

கட்டிவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. மாதத்துக்கு 246 ரூபாய் வருகிறது. கேபிள் டி.வி.க்கு அதைவிட அதிகம் அழுகிறோம், அதில் ஒரு நல்ல செய்தி வருகிறதா?

மார்ச் 5, செவ்வாய்

காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடை. துரைப்பாண்டி வந்திருந்தான். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன், இந்த மாதிரி விஷயங்களில் கில்லாடி. இப்படி ஒரு கார்டு, கட்டணம் கட்டலாமா என்று பொதுவாகக் கேட்டேன். கூட இரண்டு பேர் இருந்தார்கள். ஸ்டேட்மென்ட்டைக் காட்டச் சொன்னான். காட்டியிருக்கக் கூடாது. நான்தான் யோசிக்காமல் போனை நீட்டிவிட்டேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தான். இந்தச் செலவுக்கு இந்தக் கட்டணம் கிறுக்குத்தனம் என்றான். பிறகு விரல் நின்றது. பெங்களூரில் காப்பி குடிக்கிறது யார் என்று கேட்டான். போனைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவனுக்கே பிடிபட்டுவிட்டது.

“மகளைத் தலைமுழுகியாச்சுன்னு ஊர் பூராச் சொன்னீரே வே. கார்டு மட்டும் இன்னும் முழுகலியோ?”

மற்ற இருவரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரித்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குக் காது வரைக்கும் சுட்டது. அந்தக் கல்யாணத்தின்போது இதே ஆட்களிடம்தான், எனக்கு மகளே கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். சொன்ன சொல்லுக்கு இரண்டு வருஷமாக நான் நூற்றறுபது நூற்றறுபதாகத் துரோகம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அவர்கள் முன்னால் ஆகிவிட்டது.

நடையை முடிக்காமல் வீட்டுக்கு வந்தேன். கோமதி கோபாலசாமி கோயிலுக்குப் போயிருந்தாள். வங்கிக்குப் போன் போட்டேன். பதினெட்டு நிமிஷம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். அதற்குள் மனம் மாறியிருக்கலாம், மாறவில்லை. கடைசியில் ஒரு பெண் வந்தாள். இரண்டு கார்டும் இந்த நிமிஷமே முடங்கிவிடும், கணக்கு முழுதாக மூட ஏழு வேலைநாள் ஆகும், சம்மதமா என்று கேட்டாள். சம்மதம் என்றேன். கூடுதல் கார்டு வைத்திருப்பவருக்கு நீங்களே சொல்லிவிடுங்கள் சார் என்றாள். சரி என்றேன்.

2,950 மிச்சம்.

மார்ச் 6, புதன்

மெசேஜ் வந்துச்சா என்று கோமதி கேட்டாள். இல்லை என்றேன். பொய் இல்லை.

மார்ச் 8, வெள்ளி

இல்லை என்றேன். “பிள்ளைக்குச் சீக்கா இருக்குமோ, கடைக்குக்கூடப் போகலையே” என்கிறாள். சொல்லிவிட வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 9, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலை நாலு ஐம்பத்திரண்டுக்கு மெசேஜ். பூரணி என்ற பெயரில் உள்ள கூடுதல் கார்டில் 260 ரூபாய் பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டது. இடம், அருள் பேக்கரி, பாளையங்கோட்டை.

மூன்று தடவை வாசித்தேன். ஊர்ப் பெயரைத் தவறாகப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அருள் பேக்கரி எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது தெரு. நடந்தால் ஆறு நிமிஷம்.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்றுதான் எழுத வேண்டும். அறுபத்தெட்டு வயசில் அந்தத் தெருவில் என்னை எல்லாரும் பார்த்தார்கள்.

கடையில் யாரும் இல்லை. கடைக்காரர் புதுசு, போன வருஷம்தான் அந்தக் கடையை எடுத்தார். என்னைத் தெரியும், அவளைத் தெரியாது. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்ததாகவும், கூட இன்னொரு பெண் ஆட்டோவில் இருந்ததாகவும் சொன்னார். நான் வாங்குகிற சர்க்கரை இல்லாத பிஸ்கட்டைத்தான் கேட்டாளாம். நாலு பாக்கெட்.

“கார்டு எடுக்கலம்மான்னேன். இன்னொருக்க போடுங்கண்ணேன்னுச்சு. போட்டேன், எடுக்கல. பர்ஸுல ஐந்நூறு ரூவா நோட்டு இருந்துச்சு சார், நானே பாத்தேன். அதுல குடுங்கன்னேன். வேண்டாம்னுட்டு, சத்தங்காட்டாமப் போய் ஆட்டோவுல ஏறிருச்சு. கொஞ்ச நேரம் அங்கனயே நின்னுச்சு ஆட்டோ. இப்பத்தான் கிளம்பிப் போச்சு.”

எந்தப் பக்கம் என்று கேட்டேன். எங்கள் தெருவுக்கு எதிர்ப் பக்கம் கையைக் காட்டினார்.

பிஸ்கட் பாக்கெட் நாலும் மேசைமேலேயே இருந்தன. நான் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். கோமதி விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். “இன்னைக்காவது வந்துச்சா?” என்றாள். வழக்கம்போல் வாசித்தேன். திட்டாமல் வாசித்தேன். கடையின் பெயரைச் சொன்னதும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். ஒரு காலில் மட்டும் செருப்பு. இன்னொரு பெண்ணோடு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள் என்று சொன்னேன். நிராகரிப்பு என்றால் என்ன என்று கேட்டாள். கார்டை மூடிய கதையைச் சொன்னேன். மைதானத்தில் சிரித்ததைச் சொல்லவில்லை, கட்டணத்தை மட்டும் சொன்னேன்.

அந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கேட்டாள்.

“எம்புட்டு மிச்சமாச்சு?”

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது என்றேன். கணக்குக் கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய்.

மார்ச் 11, திங்கள்

வங்கிக்கு மறுபடி போன். மூடச் சொன்னதைத் திரும்பப் பெற முடியாதாம். வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கலாமாம். என் வயசைக் கேட்டுவிட்டு, அதுவும் கஷ்டம் சார் என்றார்கள். மூவாயிரம் இல்லை, முப்பதாயிரம் கட்டுகிறேன் என்றேன். அப்படி ஒரு திட்டம் இல்லையாம்.

மார்ச் 13, புதன்

கரண்டு பில் கட்டினேன். வரிசையில் நின்று, ரொக்கமாக. கோமதி சமைக்கிறாள், போடுகிறாள், பேசுவதில்லை.

மார்ச் 14, வியாழன்

ஆட்டோவில் இருந்தது ரெஜினாவாகத்தான் இருக்கும். அவளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள், முருகன்குறிச்சியில் இருக்கிறாள், டீச்சர். போய்க் கேட்கலாம். போய் என்னவென்று கேட்பது? என் மகள் எங்கே என்றா? எந்த வாயால்?

மார்ச் 18, திங்கள்

சாயங்காலம் கோமதி புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். “நான் ரெஜினா வீட்டுக்குப் போறேன். நீங்க வந்தா வாங்க, வராட்டிப் போங்க.” ஒன்பது நாளைக்குப் பிறகு என்னிடம் பேசியது இதுதான். பத்தடி பின்னால் நடந்து போனேன்.

ரெஜினா எங்களைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மகள் புருஷனுக்கு ஜெர்மனியில் வேலை. கிளம்புவதற்கு முன்னால் குழந்தையை எங்களிடம் ஒரு தடவை காட்டிவிட்டுப் போகலாம் என்று அவள் மட்டும் வந்திருக்கிறாள். நேராக வீட்டுக்கு வரப் பயம். நான் கதவைச் சாத்தினால் குழந்தை முன்னால் அவளால் தாங்க முடியாது என்றாளாம்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“கார்டைப் போட்டா அப்பாவுக்கு மெசேஜ் போகும் ரெஜி, நான் எங்க நிக்கேன்னு தெரியும், வரணும்னா வருவாங்க, அஞ்சு நிமிஷம் நிப்போம்னு சொன்னா அங்கிள். ரெண்டு வருஷமா அதுக்குத்தானாம் அந்தக் கார்டை வெச்சிருந்தா. நான் இருக்கேன்னு வாரத்துக்கொருக்க அப்பாகிட்ட சொல்லிக்கிறேன், அவங்களும் வேண்டாம்னு சொல்லலன்னுவா. அன்னைக்குக் கார்டு எடுக்கலன்னதும் வந்து உட்கார்ந்தா. ‘அப்பா முடிச்சிட்டாங்க’ன்னா. அவ்வளவுதான் சொன்னா.”

எப்போது கிளம்புகிறார்கள் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமையே போய்விட்டார்களாம். பதினைந்தாம் தேதி. பதினாலாம் தேதி நான் இந்த நோட்டில் எந்த வாயால் கேட்பது என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

கோமதி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், யாரு சாடை என்று. பெண் குழந்தை, நிறம் அவர்கள் பக்கம், மூக்கு மட்டும் அச்சு அசல் அங்கிள் மூக்கு என்றாள் ரெஜினா.

திரும்பும்போது கோமதி என் பக்கத்தில் நடந்தாள். அழுதுகொண்டே நடந்தாள். நானும்தான். எழுதுவதற்கு வெட்கமாக இல்லை.

மார்ச் 21, வியாழன்

மகளிடம் பேசிப் பார்க்கிறேன் என்று ரெஜினா சொல்லியிருந்தாள். இன்று வீட்டுக்கு வந்தாள். கார்டை ஏன் மூடினேன் என்று எல்லாவற்றையும் ரெஜினா மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன், மைதானத்தில் சிரித்தது உட்பட. கேட்டுக்கொண்டாளாம். கோபம் இல்லையாம்.

“இப்ப வேண்டாம்னு சொல்லுதா அங்கிள். அம்மாகிட்டகூட வேண்டாமாம், குரல் கேட்டா உடைஞ்சிருவேங்கா. அவளா கூப்பிடுவா. எப்பன்னு கேக்காதீங்க.”

கோமதி அவளுக்கு முறுக்கு கட்டிக் கொடுத்தாள். குழந்தை பெயரை ரெஜினா சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று சொல்லியிருப்பாள் போல. நாங்களும் கேட்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

சர்க்கரை 210. டாக்டரிடம் போக வேண்டும்.

விளக்கேற்றிவிட்டுக் கோமதி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு வாரமாக அந்த நேரத்தில் அடுக்களையில்தான் இருப்பாள்.

“வாசிங்க” என்றாள்.

எதை வாசிப்பது, ஒன்றும் வராதே என்றேன்.

“பழசை வாசிங்க. முதல்லருந்து.”

போனில் தேடினேன். எதையும் நான் அழிக்கவில்லை, எல்லாம் இருந்தன. அவள் கார்டிலிருந்து வந்தவை மட்டும் 183. முதலாவது, கல்யாணம் முடிந்து எட்டாம் நாள் வந்தது. பெங்களூர், காப்பிக்கடை, 140 ரூபாய். வாசித்தேன்.

“நூத்திநாப்பதா? அம்மாடி. சீனி கூடக் கேப்பா, அதுக்கும் சேத்துப் போட்டிருப்பான்” என்றாள் கோமதி. அன்றைக்கும் இதையேதான் சொன்னாள். அடுத்ததை வாசிக்கப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினாள். ஒரு நாளைக்கு ஒன்று போதுமாம்.

ஒரு நாளைக்கு ஒன்று என்றால் ஆறு மாதம் வரும் என்று மனக்கணக்காகச் சொன்னேன். எழுந்து விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு வந்தாள்.

“ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாசிப்போமா?” என்று கேட்டாள்.

சரி என்றேன். நாளைக்கு வாசிப்பு இல்லை.